அமெரிக்காவில் பனிச்சறுக்குப் பயிற்றுநர் ஆவது எப்படி? புதிய தர அளவுகோலின்படி முதல் நிலைச் சான்றிதழ்

சியாட்டில், டென்வர், பாஸ்டன், மினியாபொலிஸ் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர், பிள்ளைகளை ஸ்கீ வகுப்பில் சேர்த்த கையோடு தாங்களும் கற்றுக்கொண்டு, ஓரளவு கைவந்ததும் "வார இறுதியில் இதைச் சொல்லிக்கொடுக்கலாமே" என்று யோசிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் இந்த வழியில் இறங்கியபோது விவரங்கள் ஓரிடத்தில் இல்லை. கிடைத்த குறிப்புகளில் பாதி பழைய தேர்வு முறைக்கு எழுதப்பட்டவை. மீதியை எழுதியவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். விசா என்ற சொல்லே அவற்றில் இல்லை.

சான்றிதழ் தருவது பி.எஸ்.ஐ.ஏ-ஏ.ஏ.எஸ்.ஐ எனப்படும் அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்றுநர்கள் சங்கம். முதல், இரண்டாம், மூன்றாம் என மூன்று நிலைகள். புதியவருக்கு வேண்டியது முதல் நிலை. அதற்குச் செய்ய வேண்டிய காரியங்கள் எதுவும் கடினமில்லை. எதற்குப் பின் எது என்ற வரிசைதான் முக்கியம். வரிசை பிசகினால் பணமும் ஒரு பனிக்காலமும் வீண். விசா விஷயத்தில் பிசகினால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

1. உங்கள் விசா இதற்கு இடம் கொடுக்கிறதா?

பூட்ஸ் பார்ப்பதற்கு முன், உறுப்பினர் கட்டணம் கட்டுவதற்கு முன், இதைப் பாருங்கள். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் தடை ஏதும் இல்லை. அவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

எச்-1பி-யில் இருப்பவர் தனக்காக மனு போட்ட நிறுவனத்தில் மட்டுமே வேலை செய்யலாம். இரண்டாவது நிறுவனத்தில் பகுதி நேரமாக வேலை செய்ய அந்த நிறுவனமும் தனியாக எச்-1பி மனு போட வேண்டும். பட்டம் தேவைப்படும் சிறப்புத் தொழில்களுக்குத்தான் அந்த விசா. ஸ்கீ பயிற்றுநர் வேலை அதில் வராது. ஆகவே எச்-1பி-யில் இருந்துகொண்டு ஸ்கீ பள்ளியில் சம்பளத்துக்குச் சேர முடியாது.

"சம்பளம் வேண்டாம், சீசன் பாஸ் மட்டும் கொடுங்கள்" என்று கேட்கலாமா என்று பலர் நினைப்பார்கள். கேட்காதீர்கள். வேலைக்குப் பதிலாகக் கிடைக்கும் இலவச பாஸ், தள்ளுபடி, தங்குமிடம் எல்லாமே ஊதியமாகத்தான் பார்க்கப்படும். மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதும் தொண்டு ஆகாது. இதன் விளைவு அன்றே தெரியாமல் போகலாம். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அனுமதியின்றி வேலை செய்ததுண்டா என்ற கேள்வி வரும்போது அது வந்து நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பனிச்சறுக்குக் கற்றுக்கொடுக்கும் லாப நோக்கமற்ற அமைப்புகள் பல மலைகளில் உண்டு. அவற்றில் உண்மையான தன்னார்வலர்களாகவே பலர் பணியாற்றுகிறார்கள். அந்த வழி உங்களுக்குத் திறக்கக்கூடும். ஆனால் தன்னார்வலருக்கு அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே சேருங்கள்.

எச்-1பி-யில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவரிடம் வேலை அனுமதி அட்டை, அதாவது இ.ஏ.டி, இருந்தால் எந்த நிறுவனத்திலும் சேரலாம். ஸ்கீ பள்ளியிலும் சேரலாம். அட்டை எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவிடுங்கள். புதுப்பிக்க விண்ணப்பித்தாலே பழைய அட்டை தானாக நீளும் என்று முன்பு இருந்தது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ தாக்கல் செய்த விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. ஜனவரியில் அட்டை காலாவதியானால் பனிக்காலத்தின் நடுவில் வேலை நின்றுவிடும்.

எல்-1 விசாதாரரின் வாழ்க்கைத் துணைக்கு இ.ஏ.டி கூடத் தேவையில்லை. நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவில் எல்-2எஸ் என்று இருந்தால் அதுவே வேலை அனுமதி. எஃப்-1 மாணவர்கள் படிக்கும்போது வளாகத்துக்கு வெளியே இந்த வேலையில் சேர முடியாது. படிப்பை ஒட்டிப் பயிற்சியாக வேலை செய்யும் ஓ.பி.டி காலத்து வேலை படித்த துறையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பதால் அதிலும் இது பொருந்தாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து, கையில் இ.ஏ.டி-யும் வைத்துக்கொண்டு, எச்-1பி-யிலும் தொடர்பவர்களின் நிலை சிக்கலானது. அந்த அட்டையை இரண்டாவது வேலைக்குப் பயன்படுத்தினால் எச்-1பி நிலை என்னாகும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. முதலில் வேலை, அப்புறம் சான்றிதழ்

சான்றிதழ் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று நம் ஆட்கள் எண்ணுவது இயல்பு. நாம் வளர்ந்த முறை அப்படி. இங்கே தலைகீழ். அமெரிக்காவில் ஸ்கீ கற்றுக்கொடுக்க அரசு உரிமம் எதுவும் கிடையாது. ஸ்கீ பள்ளிகள் சான்றிதழ் இல்லாதவர்களைச் சேர்த்து, தாங்களே பயிற்சி கொடுத்து, ஆரம்ப வகுப்புகளில் நிறுத்துகின்றன. சான்றிதழ்த் தேர்வுக்கு அங்கிருந்துதான் போக வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் பள்ளி ஒன்றில் பணிபுரிய வேண்டும், இத்தனை மணி நேரம் கற்பித்திருக்க வேண்டும், பள்ளி இயக்குநர் ஒப்புதல் தர வேண்டும் என்று சங்கத்தின் சில பிராந்தியப் பிரிவுகள் நிபந்தனை வைக்கின்றன. உங்கள் பிராந்தியத்தில் என்ன நிபந்தனை என்பது பள்ளியின் பயிற்சி மேலாளருக்குத் தெரியும்.

விண்ணப்பிக்க வேண்டிய காலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பனி விழுந்த பிறகு போய்க் கேட்டால் புதியவர்களுக்கான பயிற்சி முடிந்திருக்கும். கொலராடோ, டாஹோவின் பெரிய ரிசார்ட்டுகள்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். மினியாபொலிஸ் பக்கத்தில் பக் ஹில், பாஸ்டன் பக்கத்தில் வச்சூசெட், சியாட்டிலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஸ்னோக்வால்மி என்று ஊருக்கு அருகில் உள்ள மலைகளில் ஆரம்ப நிலை மாணவர்கள் குவிகிறார்கள். முதல் நிலைச் சான்றிதழுக்கு நீங்கள் பழக வேண்டிய மாணவர்களும் அவர்கள்தான்.

நேர்காணலில் உங்கள் ஸ்கீ திறமையைவிட எந்த நாட்களில் வர முடியும் என்றுதான் அதிகம் கேட்பார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம், ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாளை ஒட்டிய நீண்ட வார இறுதி, பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வார இறுதி, இந்த மூன்றிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான பள்ளிகள் சொல்லும். நம் குடும்பங்களோ பிள்ளைகளின் டிசம்பர் விடுமுறையில்தான் ஊருக்குப் போகின்றன. பொங்கலும் அந்த ஜனவரி வார இறுதியை ஒட்டியே வரும். டிக்கெட் எடுப்பதற்கு முன் இதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு டிசம்பர் 20-ஆம் தேதி சென்னைக்கு விமானம் ஏறினால் அடுத்த பருவத்துக்கு அழைப்பு வராது.

இங்கே எச்சரிக்க வேண்டிய பெரிய பொறி ஒன்று உண்டு. தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் "நான் கற்றுத்தருகிறேன், ஆளுக்கு 50 டாலர்" என்று போட்டுவிட்டு நண்பர்களின் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போவது. நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆனால் அது விதிமீறல். பல ரிசார்ட்டுகள் அமெரிக்க வனத்துறையின் சிறப்பு அனுமதி பெற்று அரசு நிலத்தில் இயங்குகின்றன. அங்கே அனுமதியில்லாமல் காசுக்கு வகுப்பெடுப்பது குற்றம். தனியார் நிலத்தில் உள்ள மலையிலும் ரிசார்ட் உங்கள் பாஸைப் பறித்து வெளியேற்றும். ஒரு பிள்ளை விழுந்து கால் முறிந்தால் உங்களுக்குக் காப்பீடும் இருக்காது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் இதே நிலைதான். அந்த அட்டை தனியாக வகுப்பெடுக்கும் உரிமம் அல்ல.

3. வேலையில் சேரும் நாள்: கையில் இருக்க வேண்டியவை

வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் முக்கியம். உங்கள் பகுதியை வேலை தொடங்கும் நாளுக்குள் நிரப்ப வேண்டும். அசல் ஆவணங்களை மூன்று வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். கிரீன் கார்டு அல்லது இ.ஏ.டி அட்டை ஒன்றே போதும். குடிமக்களுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் போதும். அது இல்லாதவர்கள் ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் சேர்த்துக் காட்டலாம். ஆனால் "டி.எச்.எஸ் (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) அனுமதியுடன் மட்டுமே வேலைக்குச் செல்லும்" என்ற வாசகம் அச்சிட்ட சோஷியல் செக்யூரிட்டி அட்டை இதற்கு ஏற்கப்படாது. விசாவில் வந்த காலத்தில் வாங்கிய அட்டையில் அந்த வாசகம் இருக்கும். கிரீன் கார்டு வந்த பிறகும் அதை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் நிறைய. பிரதியைக் கொண்டுபோய்ச் சமாளிக்க நினைக்காதீர்கள், அசலே கேட்பார்கள். மலையடிவாரத்தில் ஆட்சேர்ப்பு அலுவலகம் வார இறுதியில் மூடியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதோடு வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவம், வங்கிக் கணக்கு விவரம், பின்னணிச் சோதனைக்கான சம்மதம். குழந்தைகளோடு பணிபுரிவதால் பின்னணிச் சோதனையைப் பெரும்பாலும் தவிர்க்க முடியாது. ஒரு மாநிலத்தில் குடியிருந்து இன்னொன்றில் கற்றுக்கொடுத்தால், உதாரணமாக மாசசூசெட்ஸில் வீடு, வெர்மாண்டில் மலை என்றால், இரண்டாவது மாநிலத்துக்கும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டி வரலாம்.

4. சங்கத்தில் உறுப்பினர் ஆவது

சங்கத்தின் தளத்தில் பதிவு செய்து தேசியக் கட்டணமும் பிராந்தியக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிராந்தியத்தைப் பொறுத்து மாறினாலும் ஆண்டுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. வேலை உறுதியாகும் முன் கட்ட வேண்டாம்.

5. எது மாறியிருக்கிறது?

பழைய தேர்வில், எந்தப் பிராந்தியத்தில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மதிப்பெண் முறையும் தேர்வின் அமைப்பும் மாறின. ஒரு பிராந்தியத்தில் 10-க்கு மதிப்பெண், இன்னொன்றில் வேறு. 2020-க்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே தர அளவுகோலைச் சங்கம் கொண்டுவந்தது. ஆகவே உங்கள் பள்ளியில் மூத்த பயிற்றுநர் ஒருவர் அன்போடு கொடுக்கும் பழைய குறிப்பேட்டைப் படித்துத் தயாராகாதீர்கள். சங்கத்தின் தளத்தில் முதல் நிலைக்கான மதிப்பீட்டுப் படிவமே இருக்கிறது. தேர்வாளர் கையில் இருக்கப்போவதும் அதுதான். அதை இறக்கிப் படியுங்கள். வேறு எதையும்விட அது பயன்படும்.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 என்றால் தேவையான கூறுகள் கண்ணில் படவில்லை. 2 என்றால் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. 3 என்றால் தெரிகின்றன, ஆனால் சீராக இல்லை. 4 என்றால் சீராக, போதுமான அளவில் தெரிகின்றன. 5, 6 அதற்கும் மேலே. தேறுவதற்கு ஒவ்வொரு பிரிவிலும் சராசரி 4 வேண்டும்.

இந்த 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் பலர் நிற்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திறமையில் இல்லை, சீரில்தான். ஒரு திருப்பம் அபாரமாக வந்து அடுத்தது தடுமாறினால் 3. பத்துத் திருப்பமும் சுமாராக, ஒரே மாதிரி வந்தால் 4. அசத்த வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, செய்ததையே மறுபடி அதேபோலச் செய்யப் பழகுவதுதான் இந்த அளவுகோலுக்கான தயாரிப்பு. இது புரிந்தால் பயிற்சி செய்யும் விதமே மாறிவிடும்.

இரண்டாவது மாற்றம் இதைவிடப் பெரிது. மதிப்பீடு மூன்று கிளைகளாகப் பிரிகிறது: மனிதர்களைக் கையாளும் திறன், கற்பிக்கும் திறன், தொழில்நுட்பத் திறன். மூன்றிலும் தேற வேண்டும். நன்றாக ஸ்கீ செய்பவர் அந்த ஒன்றை வைத்தே தேறிவிட முடியாது. சுமாராகச் செய்பவருக்கு இது நல்ல செய்தி. முப்பது வயதுக்கு மேல் முதன்முறையாகப் பனியைப் பார்த்த நம்மில் பலருக்கு, சிறுவயது முதலே சறுக்கிப் பழகியவர்களோடு போட்டி போட வேண்டுமோ என்ற பயம் இருக்கும். முதல் நிலையில் அந்தப் பயம் தேவையில்லை.

மனிதர்களைக் கையாளும் திறனில் பார்ப்பவை: மாணவரிடம் நம்பிக்கையை வளர்க்கிறீர்களா, பேச்சு இருபக்கமும் நடக்கிறதா, உங்கள் பதற்றத்தை நீங்களே உணர்ந்து சமாளிக்கிறீர்களா, எதிரில் இருப்பவரின் மனநிலையைப் படிக்கிறீர்களா. கற்பிக்கும் திறனில்: இலக்கை மாணவரோடு சேர்ந்து வகுப்பது, சரிவையும் வேகத்தையும் சரியாகத் தேர்வது, விளையாட்டாகச் சோதித்துப் பார்க்க விடுவது, "இப்போது எப்படி உணர்ந்தீர்கள்" என்று யோசிக்க வைப்பது, தேவை மாறும்போது திட்டத்தை மாற்றுவது, உடல் ஆபத்தை மட்டுமல்லாமல் பயத்தையும் கவனிப்பது.

நம் வகுப்பறைப் பழக்கம் இங்கே தடையாக வந்து நிற்கும். ஆசிரியர் சொல்வார், மாணவர் கேட்பார் என்று வளர்ந்தவர்கள் தேர்வில் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் விளக்கம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சொன்னதெல்லாம் சரி. ஆனால் குளிரில் நிற்பவருக்கு அதில் ஒன்றும் ஏறாது, மதிப்பெண்ணும் வராது. ஒரு கேள்வி கேளுங்கள், ஒருமுறை செய்து காட்டுங்கள், செய்ய விடுங்கள், மறுபடி கேளுங்கள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு மதிப்பெண்ணும் இல்லை, கழிவும் இல்லை. சிறிய வாக்கியங்களாகப் பேசினால் போதும்.

6. தயாராகும் விதம்

முதல் நிலைப் பயிற்றுநர் கற்பிப்பது தொடக்க நிலையினருக்கு. அதனால் பச்சைக் குறியிட்ட சரிவுகளிலும் எளிய நீலச் சரிவுகளிலும், சீர்செய்த பனியில் நீங்கள் செய்து காட்ட வேண்டியவை இவ்வளவுதான்: ஸ்கீகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்துத் திரும்பும் வெட்ஜ் திருப்பம், வெட்ஜில் தொடங்கி இணையாக முடியும் வெட்ஜ் கிறிஸ்டி, அடிப்படை இணைத் திருப்பம். கேட்க எளிது. மெதுவான வேகத்தில் இவற்றைச் சுத்தமாகச் செய்வது கடினம்.

வெட்ஜில் ஒரு கண்ணி உண்டு. பிள்ளைகளுக்கு "பீட்சா" என்று சொல்லிக்கொடுக்கும் அகன்ற, பிரேக் போடும் வெட்ஜை இங்கே எதிர்பார்க்கவில்லை. கேட்பது வழுக்கிக்கொண்டே போகும் குறுகிய வெட்ஜ். குதிகாலைத் தள்ளி ஸ்கீயைத் திருப்பாமல், இடுப்புக்குழியிலிருந்து காலைச் சுழற்றித் திருப்ப வேண்டும். வேகத்தைக் குறைப்பது திருப்பத்தின் வடிவம். விளிம்பை அழுத்திப் பிடிப்பதல்ல. சறுக்கத் தெரிந்தவர்கள் பச்சைச் சரிவுக்குத் திரும்பிப் போகச் சலித்துக்கொள்வார்கள். அங்கேதான் பயிற்சி செய்ய வேண்டும்.

அசைவைக் கவனித்துச் சொல்லும் பகுதிக்கு ஐந்து அடிப்படைகளை மனத்தில் வையுங்கள். ஸ்கீயின் முன்பின்னாக அழுத்தத்தை நடத்துவது, ஒரு ஸ்கீயிலிருந்து மற்றதற்கு மாற்றி வெளிப்புற ஸ்கீயின் மேல் கொண்டுபோவது, விளிம்புக் கோணம், மேலுடம்பிலிருந்து பிரித்துக் காலைச் சுழற்றுவது, பனியிலிருந்து வரும் அழுத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது. உடன் பணிபுரிபவரோடு லிஃப்டில் போகும்போது கீழே சறுக்குபவர்களைப் பார்த்து "உடம்பு என்ன செய்கிறது, அதனால் ஸ்கீ என்ன செய்கிறது" என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். குறை கண்டுபிடிக்கும் அவசரம் வேண்டாம். முதல் நிலையில் காரணத்தையும் விளைவையும் சரியாக இணைத்தால் போதும்.

பாதுகாப்பு நெறிமுறையும் மாறிவிட்டது. எல்லா லிஃப்ட் கம்பத்திலும் ஒட்டியிருக்கும் பொறுப்பு நெறிகள் முன்பு ஏழு, 2022-இல் பத்தாயின. மோதலில் சம்பந்தப்பட்டவர்கள் தொடர்பு விவரங்களை ஒருவருக்கொருவரும் ரிசார்ட் ஊழியரிடமும் தர வேண்டும் என்பது பத்தாவது. பழைய சுவரொட்டியைப் பார்த்து ஏழு நெறிகளை மட்டும் ஒப்பிக்காதீர்கள். முதல் நிலைக்கான இணையப் பாடங்கள் உங்கள் பிராந்தியத்தில் கட்டாயமா என்று பார்த்து, டிசம்பர் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

7. எவ்வளவு செலவாகும்?

பூட்ஸ்தான் முதல் பெரிய செலவு; சில நூறு டாலர் ஆகும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பூட்ஸைப் பாதத்துக்குப் பொருத்தித் தரும் கடைக்காரரிடம் நேரில் போய் வாங்குங்கள். ஸ்கீ வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். உறுப்பினர் ஆன பிறகு பயிற்றுநர்களுக்கான தள்ளுபடி விலையில் பல நிறுவனங்கள் தருகின்றன. சீருடை ஜாக்கெட்டைப் பள்ளி கொடுக்கும். ஹெல்மெட், கையுறை, உள்ளே போடும் வெப்ப உடை உங்கள் பொறுப்பு.

மதிப்பீட்டுக் கட்டணம் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் மாறும். தேறியபின் அதைத் திருப்பித் தரும் பள்ளிகள் உண்டு. சில அடுத்த பருவம் திரும்பி வந்தால்தான் தரும். வேலைக்குச் சேரும்போதே கேட்டு வையுங்கள். மறைந்திருக்கும் செலவு லிஃப்ட் டிக்கெட். மதிப்பீடு வேறொரு மலையில் நடந்தால் உங்கள் பாஸ் அங்கே செல்லாது. பெரிய ரிசார்ட்டில் நாள் டிக்கெட்டை அன்றைக்கு வாங்கினால் 200 டாலரைத் தாண்டிவிடும். பதிவு செய்யும்போதே கட்டணத்தில் டிக்கெட் அடக்கமா என்று பாருங்கள்.

வருமானத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம். பல மலைகளை நடத்தும் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2022-23 பருவத்திலிருந்து வட அமெரிக்காவில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 20 டாலர் ஆக்கியது. சிறிய மலைகளில் இதைவிடக் குறைவாகவும் இருக்கும். காலையில் வகுப்பு ஒதுக்கும் லைன்-அப் வரிசையில் நின்று, வகுப்பு ஒதுக்கப்படாமல் திரும்பும் நாட்களும் உண்டு. அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டா என்று முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

8. மதிப்பீட்டு நாட்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை தேதிகள் இருக்கும். பெரும்பாலும் இரண்டு நாள் நிகழ்வு. பதிவு பல வாரங்களுக்கு முன்பே மூடிவிடும், தாமதமாகப் பதிந்தால் கூடுதல் கட்டணமும் உண்டு. என் பரிந்துரை: டிசம்பர், ஜனவரி நெரிசலில் நிறையக் கற்பித்துவிட்டு பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ போங்கள். தேறாவிட்டால் அதே பருவத்தில் இன்னொரு வாய்ப்பும் வேண்டும் என்றால் பிப்ரவரி தொடக்கமே மேல்.

குழுவாக நாள் முழுக்கச் சறுக்குவீர்கள். உங்கள் முறை வரும்போது சக தேர்வர்களையே மாணவர்களாக வைத்துக் கற்பிக்க வேண்டும். மற்றவர் கற்பிக்கும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், லிஃப்ட் வரிசையில் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். ஒதுங்கி நிற்காதீர்கள்.

பணி நேரத்தில் அடிபட்டால் ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு கவனிக்கும். மதிப்பீட்டு நாள் பெரும்பாலும் உங்கள் சொந்த நேரம். அன்று உங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டை பையில் இருக்கட்டும்.

முடிவோடு எழுத்துப்பூர்வமான பின்னூட்டமும் தருவார்கள். தேறாதவர்கள் அதில் 3 விழுந்த இடங்களை மட்டும் எடுத்துப் பயிற்சி மேலாளரிடம் காட்டுங்கள். எந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும், முழுவதுமா என்பது பிராந்திய விதியைப் பொறுத்தது. மறுபடி பணம் கட்டும் முன் கேளுங்கள்.

9. தேறிய பிறகு

சான்றிதழைத் தக்கவைக்கத் தொடர்பயிற்சி வேண்டும்: பொதுவாக இரண்டு பருவங்களுக்கு 12 மணி நேரம். தவறினால் அட்டை செல்லாததாகிவிடும். சங்கம் நடத்தும் பனிச்சரிவுப் பயிற்சிகளில் ஒன்றிரண்டுக்குப் போனாலே இது நிரம்பிவிடும். வசந்த காலத்தில், கூட்டம் குறைந்து பனி இளகியிருக்கும்போது நடப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். அப்போது பள்ளியும் விடுப்புத் தரும். சம்பள உயர்வு தானாக வராது. சான்றிதழின் நகலைப் பருவம் முடிவதற்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் புதிய ஊதியம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.